புதுசா, பழசா? நான் கிரைண்டர் வாங்கிய கதை

"கிரைண்டர் வாங்கப் போறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டில்டிங்கா, டேபிள் டாப்பா சார்?" என்பதுதான். அவர்மேல் தப்பில்லை. மாவு கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் எங்கள் கோயமுத்தூர். இங்கே கிரைண்டர் என்றால் இட்லிதான் ஞாபகத்துக்கு வரும்.

நான் வாங்க நினைத்தது சர்ஃபேஸ் கிரைண்டர். அரைப்பது மாவை அல்ல, இரும்பை. ஒரு மேடை இடமும் வலமுமாக ஓடும். அதன்மேல் மேக்னெட் சக். அந்தக் காந்தம் இரும்புத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். மேலே சாணைக்கல் வீல் சுற்றும். மேடை ஒவ்வொரு முறை போய்வரும்போதும் வீல் மைக்ரான் கணக்கில் இரும்பைச் சுரண்டி எடுக்கும். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் கனமே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். ஹார்டன் செய்த இரும்பை லேத்திலோ அரத்திலோ தொட முடியாது. அதைத் தட்டையாக்க வேண்டுமென்றால் இந்த மெஷின்தான் வேண்டும்.

1979-ல் அப்ரெண்டிஸாக டூல் ரூமில் நுழைந்தவன் நான். ரிடையர் ஆனபின் கார் ஷெட்டில் ஒரு சின்ன லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் போட்டு, பொழுது போவதற்காக ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். (கார் வெளியே வெயிலில் நிற்கிறது. அது தனிக் கதை.) எது செய்தாலும் கடைசியில் ஒரு முகத்தைத் தட்டையாக அரைக்க வெளியே கொடுத்து, நாலு நாள் காத்திருந்து வாங்கிவர வேண்டியிருந்தது. சொந்தமாக ஒன்று இருந்தால் என்ன என்ற ஆசை வந்துவிட்டது.

வீட்டம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். எவ்வளவு ஆகும் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"ஏனுங்க, அதுல அப்படி என்னத்தச் செய்யப் போறீங்க?"

"எத்தனையோ செய்யலாம்."

"அந்த எத்தனையோ என்னன்னு எழுதிக் காட்டுங்க."

நாற்பது வருஷம் மளிகைச் சாமான் பட்டியல் எழுதியவளின் புத்தி அது. கொஞ்சம் கோபத்தோடுதான் நோட்டில் எழுதினேன். ஒரு ஜோடி பேரலல், இரண்டு வி-பிளாக், 100 மில்லிமீட்டர் சைன் பார், ஒரு சின்ன டூல்மேக்கர் வைஸ், நண்பர்கள் கேட்கும் பஞ்ச், டை துண்டுகள் சில. பக்கத்தில் அளவும் எழுதினேன். இருப்பதிலேயே நீளமானது 125 மில்லிமீட்டர். நோட்டை மூடி வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

முதலில் புது மெஷின் பார்க்கப் போனேன். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் நல்ல டூல் ரூமில் செகந்திராபாத் பிராகா நிற்கும். வசதியான கம்பெனி என்றால் இங்கிலாந்தின் ஜோன்ஸ் அண்ட் ஷிப்மன் 540 நிற்கும். அந்த 540-ஐ நாங்கள் துடைப்பதே பூஜை மாதிரி இருக்கும். இன்றைக்கு வீட்டுப் பட்டறைக்குத் தாங்குகிற விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ராஜ்கோட், பட்டாலா பக்கத்திலிருந்து வருகிற கையால் ஓட்டும் மெஷின்கள். 450க்கு 150 மேடை, 200 மில்லிமீட்டர் வீல். நான் பார்த்த கடையில் 1,85,000 ரூபாய் சொன்னார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,18,300.

பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்லைடுகளில் பிறை பிறையாக ஸ்க்ரேப்பர் பூ போட்டிருந்தது. அந்தப் பூவைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். ஸ்க்ரேப்பிங் என்பது புளூ தடவி, மேடு எங்கே என்று பார்த்து, அதை மட்டும் கையால் சுரண்டி எடுப்பது. பல நாள் வேலை. எல்லாம் முடிந்தபின் அழகுக்காக மேலே பூ போடுவது அரை மணி வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"என்கிட்ட ஒரு பட்டை இருக்கு. இதுல அரைச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"டெஸ்ட் சார்ட் குடுத்துடுவோம் சார். ஓட்டிப் பார்க்கறதெல்லாம் இங்க வழக்கமில்லை" என்றார் கடைப் பையன், மரியாதையாகத்தான். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் பழைய ஃபோர்மேன் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனியிலிருந்து விலகியபின் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் சின்னதாக ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஷெட்டைக் காலி செய்து வாடகைக்கு விடப் போகிறார்களாம். "அப்பாவோட கிரைண்டரை விக்கறோம் மாமா. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க" என்றான்.

எனக்கு வீல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். புது வீல் வந்தால் ஒரு விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டச் சொல்வார். கணீரென்று மணி மாதிரி ஒலித்தால் நல்ல வீல். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். மாட்டியதும் நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். 200 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்கு 29 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். ஒரு தடவை எங்கள் கண்முன்னேயே ஒரு வீல் உடைந்தது. ஒதுங்கி நின்றதால்தான் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பேச்சுக்கு அன்றிலிருந்து மறுபேச்சு கிடையாது.

ஆகவே அந்த மெஷினைப் பார்க்கப் போகும்போதே மனதுக்குள் பாதி வாங்கிவிட்டேன். அதுதான் ஆபத்து என்று எனக்கே தெரிந்தது. அதனால் முதல் நாள் ஒரு காரியம் செய்தேன். 400 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு இரும்புப் பட்டை எடுத்து, தெரிந்த டூல் ரூமில் கொடுத்து இரண்டு முகமும் சரியாக அரைத்து வாங்கிக்கொண்டேன். என் ஒரு மைக்ரான் டயலையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஷெட் அப்படியே இருந்தது. சுவரில் அவர் சட்டைகூட ஆணியில் தொங்கியது. அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். "தம்பி, ஒரு லட்சத்துக்குக் கொறைஞ்சு குடுக்காதேன்னு அவரு சொல்லிட்டே இருப்பாரு" என்றார். பையன் கேட்டது 1,10,000.

அப்பாவிடம் பார்த்துப் பழகியிருக்கிறான் போல. டயலை வீல் ஹெட்டில் மாட்டி, முனையைச் சக் மேல் வைத்து, மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிக் காட்டினான். முள் அசையவே இல்லை. "பாருங்க மாமா. ஜீரோ!" அப்பா அரைத்து வைத்திருந்த ஐந்து சின்னத் துண்டுகளையும் காட்டினான். சக்கின் நாலு மூலையிலும் நடுவிலும் வைத்து ஒரே ஓட்டத்தில் அரைத்தவை. மைக்ரோமீட்டரில் ஐந்தும் ஒரே அளவு.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்தச் சக்கின் முகத்தை அரைத்ததே அந்த மெஷின்தான். எப்போது புதுச் சக் மாட்டினாலும் அதே மெஷினில் வைத்து ஒருமுறை அரைத்துக்கொள்வது வழக்கம். மெஷினின் ஸ்லைடு தேய்ந்து மேடை வளைந்து ஓடினால், சக்கும் அதே வளைவில் அரைபடும். பிறகு அதே வளைவில் ஓட்டி டயல் வைத்தால் முள் எப்படி அசையும்? கனமும் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் வரும். அளவுகோலே கோணலாக இருந்தால், கோணல் கோடும் அதற்கு நேராகத்தான் தெரியும். இதை எனக்கு 1980 வாக்கில் சொல்லிக்கொடுத்தவரே அந்த ஃபோர்மேன்தான். "சக்கைக் கேட்காதே, பட்டையைக் கேளு" என்பார்.

முதலில் மற்றவற்றைப் பார்த்தேன். வீலைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் மேலும் கீழும் அமுக்கினேன். டயலில் பெரிய அசைவு இல்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். சத்தமும் சீராக இருந்தது. வீல் ஹெட்டை இறக்கும் கைச்சக்கரத்தில் 10 மைக்ரான் திருப்பினால் டயலும் 10 காட்டுகிறதா என்று நாலைந்து தரம் பார்த்தேன். அதுவும் சரி. மனுஷன் எண்ணெய் விடத் தவறியதே இல்லை.

அப்புறம் பட்டையை எடுத்தேன். காந்தத்தால் நேராகப் பிடிக்கக் கூடாது. காந்தம் இழுத்தால் பட்டை சக்கின் வளைவுக்கு ஏற்ப வளைந்து உட்காரும். எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். குறையும் மறைந்துபோகும். அதனால் பட்டைக்கு அடியில் இரண்டு இடத்தில் மெல்லிய தகடு கொடுத்து, சுற்றிலும் தடுப்புத் துண்டுகளை வைத்து அவற்றை மட்டும் காந்தத்தில் பிடிக்கவைத்தேன். வீலை டைமண்டால் டிரெஸ் செய்து, சூடேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, கடைசியில் வீலை இறக்காமல் பொறி அடங்கும்வரை ஓட்டினேன்.

பட்டை ஆறியதும் அவருடைய சர்ஃபேஸ் பிளேட்டில், உயரம் சமமான இரண்டு பிளாக்கின் மேல், அரைத்த முகம் மேலே இருக்கும்படி வைத்தேன். இரண்டு முனையும் ஒரே அளவு காட்டும்படி ஒரு பக்கம் ஷிம் கொடுத்துச் சரிசெய்தேன். டயலை ஒரு முனையிலிருந்து நகர்த்தினேன். முள் ஏறியது. நடுவில் 24. மறு முனைக்குப் போகப் போக இறங்கி ஜீரோவுக்கு வந்தது.

நடு மேடு, 24 மைக்ரான். அரைக்கும்போது சூடேறியிருந்தால் பட்டை ஆறியதும் நடுவில் பள்ளம்தான் வரும், மேடு வராது. ஆகவே இது என் கைத்தப்பு இல்லை. மெஷின் தேய்ந்திருக்கிறது. பல வருஷம் ஓடிய ஸ்லைடுகள் இப்படித்தான் தேயும். மேடை கோடிக்குப் போகும்போது அந்தப் பக்கம் லேசாகத் தலை சாயும். அப்போது வீலுக்கு அடியில் இருக்கும் பட்டையின் முனை ஒரு துளி தூக்கிக்கொடுத்து அதிகம் அரைபடும்.

டயலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பையன் முகத்தில் இன்னும் அந்த "ஜீரோ" சந்தோஷம். வாசற்படியில் அக்கா. சொல்லாமல் விட்டு 1,10,000 கொடுத்தால் நான் முட்டாள். சொன்னால், விலையைக் குறைக்கக் குறை சொல்கிறான் என்று ஆகிவிடும். சொல்லாமல் வேறு சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டால், நாளைக்கு யாரோ ஒருவன் நீளமான வேலைக்கு இதை வாங்கி, அவர் பெயரைச் சொல்லித் திட்டுவான். மூன்றில் எது நடந்தாலும் மனசு உறுத்தும்.

சொல்லிவிட்டேன். டயலையும் ஓட்டிக் காட்டினேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது. "அப்பாவுக்கு இது தெரியாமயா மாமா இருந்திருக்கும்?" என்றான். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"நீளமான சாமான் வந்தா மட்டும் அவரு இதுல போடமாட்டாரு தம்பி. சைக்கிள்ல கட்டிக்கிட்டு கணபதிக்குப் போயி அரைச்சுக்கிட்டு வருவாரு. மெஷினை வீட்டுல வெச்சுக்கிட்டு எதுக்கு அலையறீங்கன்னு நான்கூடச் சண்டை போட்டிருக்கேன்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்து, அந்த எல்லைக்குள்ளேயே வேலை செய்திருக்கிறார். லாபம் குறைந்தாலும் நீள வேலையை வெளியே கொடுத்திருக்கிறார்.

அந்த எல்லை எது? மேடை வளைந்து ஓடுவது ஒரு வட்டத்தின் சிறு துண்டு மாதிரி என்று வைத்துக்கொண்டால், நடு மேடு நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். நீளம் பாதியானால் மேடு கால் பங்கு. நீளம் கால் பங்கானால் மேடு பதினாறில் ஒரு பங்கு. 400-க்கு 24 மைக்ரான் என்றால், 200-க்கு 6. 100-க்கு ஒன்றரை. கணக்கு சரி, ஆனால் தேய்மானம் கணக்குப்படி வட்டமாகவே இருக்க வேண்டுமென்று இல்லை. அதனால் அங்கே கிடந்த 100 மில்லிமீட்டர் துண்டு ஒன்றையும் 125 துண்டு ஒன்றையும் அதே மாதிரி அரைத்துப் பார்த்தேன். சின்னது 2 மைக்ரான், பெரியது 3.

அப்போதுதான் வீட்டம்மா எழுதச் சொன்ன பட்டியல் ஞாபகம் வந்தது. இருப்பதிலேயே நீளமானது 125. எந்த மெஷின் நல்ல மெஷின் என்று இரண்டு மாதமாக நான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வேலைக்கு என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அச்சு, மோல்டு செய்கிறவர்களுக்கு இது கழித்துக்கட்ட வேண்டிய மெஷின். எனக்கு இது போதும். போதும் என்ன, வேண்டிய அளவுக்கு மேலேயே நல்ல மெஷின்.

ஆனாலும் அன்றைக்கு நான் விலை பேசவில்லை. பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஸ்பிண்டில் நன்று, ஸ்க்ரூ நன்று, 400-ல் 24 மைக்ரான் மேடு, 125-க்குள் 3. அதைப் பையனிடம் கொடுத்து, "இதை மறைக்காம இன்னும் ரெண்டு பேர்கிட்டக் காட்டு. என்ன விலை வருதுன்னு பாரு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று அடித்துக்கொண்டது என்னவோ உண்மை.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. பழைய இரும்புக்காரர் எடைக்கு 30,000 சொன்னாராம். பழைய மெஷின் வாங்கி விற்கும் வியாபாரி 60,000. நான் 75,000-க்கு எடுத்துக்கொண்டேன். அக்கா அவருடைய டைமண்ட் டிரெஸ்ஸரையும் ஒரு பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அரை டன்னுக்கு மேல் எடை. கழற்ற முடிந்ததைக் கழற்றி, மேடை தானாக ஓடாமல் கட்டை கொடுத்து, செயின் பிளாக் போட்டு இறக்கினோம். பெல்ட்டை மேடையில் மாட்டித் தூக்கவே கூடாது, பாடியில்தான் மாட்ட வேண்டும். த்ரீ ஃபேஸ் இணைப்புக் கொடுத்ததும் வீல் மாட்டாமல் முதலில் மோட்டாரை மட்டும் ஓட்டி, சுற்றும் திசையைப் பார்த்தேன். ஃபேஸ் மாறித் திசை தலைகீழானால் வீல் நட்டு தானாகக் கழன்றுகொள்ளும். இன்னொன்று. லேத்துக்கும் இதற்கும் நடுவில் ஒரு தடுப்பு கட்டாயம் வேண்டும். வீலிலிருந்து பறக்கும் பொடி லேத்தின் ஸ்லைடில் விழுந்தால் அதையும் தின்றுவிடும். நம் நுரையீரலுக்கும் அது ஆகாது. முகக்கவசம் கொரோனாவுக்கு மட்டுமல்ல.

புதுசா, பழசா என்று என்னைக் கேட்டால், உங்களிடம் ஒரு பட்டையும் ஒரு டயலும், அதை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் பழசு. இல்லையென்றால் புதுசு, அதுவும் உங்கள் பட்டையை ஓட்டிப் பார்க்க விடுகிற இடத்தில். எதுவானாலும் முதலில் நோட்டில் எழுதுங்கள், எதைச் செய்யப் போகிறீர்கள் என்று, அளவோடு.

முதல் வேலையாக ஒரு ஜோடி பேரலல் அரைத்தேன். 125 நீளம். மூன்று நாள் வேலை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து விரலால் தள்ளினால் எண்ணெய் பூசியது மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. சந்தோஷமாகக் கொண்டுபோய் வீட்டம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எழுபத்தஞ்சாயிரம் போட்டு ரெண்டு இரும்புத் துண்டு" என்றாள். பிறகு, "பட்டியல்ல இன்னும் எத்தனை இருக்குங்க?" என்றாள்.